கடாரத்துத் திரை – 9: முதலாளி வீட்டு வாசலில் ஒரு கூடாரம்

பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மெர்போக்குக்கு வருகிறவர்களுக்கு வலக்கைப் பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அடிவாரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளமும், அதையொட்டி பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்து, ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது, அதாவது இந்தக் கெடாவின்மீது, படையெடுத்ததைப் பற்றிப் பேசி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் அப்பால் விரிந்து கிடந்த கித்தாக் காட்டையும், அந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் கேட்டு யாரும் வருவதில்லை. கேட்டு வந்தாலும் காட்ட அதிகம் இல்லை. பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் வீட்டுமனை வந்துவிட்டது.

அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று எழுதி வைக்கத்தான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். சென்ற பகுதியில் சிங்கப்பூர்ப் படக்கூடங்களைப் பார்த்தோம். 1934இல் ‘லைலா மஜ்னூன்’ படத்தை மலாயில் எடுத்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். 1950இல் ‘பக்தி’ படத்தில் பினாங்குப் பிள்ளையான பி. ராம்லியைக் கதாநாயகன் ஆக்கிய எல். கிருஷ்ணன் தமிழர். மலாய்ப் படத்தை இயக்கத் தமிழருக்கு இங்கே இடம் இருந்தது. ஆனால் இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் படத்தில் நடிக்க ஆசை வந்தால், அவன் கடல் தாண்டியே ஆக வேண்டும். அப்படித் தாண்டிப் போனவர்களில், தோட்டத்து ஜனங்கள் தங்கள் சொந்தப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம்.

இயற்பெயர் ராமன். பிறந்தது கோலாலம்பூரில். படிப்புக்காகத் திருச்சிக்குப் போய் ஜமால் முகமது கல்லூரியில் படித்தார். இயக்குநர் ஸ்ரீதரின் கண்ணில் பட்டார். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று கண்ணீரில் ஊறிய படங்களைத் தந்து பேர் வாங்கியிருந்த ஸ்ரீதர், அப்போது முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் ஒன்றுக்குப் புது முகம் தேடிக்கொண்டிருந்தார். ராமன் ரவிச்சந்திரன் ஆனார். 1964 பிப்ரவரியில் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது.

அந்தப் படத்தைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. டி. எஸ். பாலையாவிடம் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை வரிக்கு வரி ஒப்பிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்ரீதரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபு, ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்த காஞ்சனா என்று ஒவ்வொருவருக்கும் தனி வரலாறு உண்டு. அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. மெர்போக் பக்கத்துத் தோட்டத்துத் திடலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படம் என்னவாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். வேறு யாரும் அதைச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் திடலைச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை, பெரும்பாலும் சம்பளம் போட்ட வாரத்தில், படம் காட்டுகிறவரின் வேன் செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு வரும். பந்துத் திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். விடியற்காலை பெரட்டுக்கு எழுந்து, பால் வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்தவர்கள் பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். கிராணி வீட்டார் நாற்காலி போட்டு உட்காருவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் சாப்பிடுவான், எழுத்து திரும்பி ஓடும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதில்லை. இருப்பது ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளியில் குழந்தைக்குப் பால் கொடுப்பதும், அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவதும் நடக்கும். அரசாங்கத்தின் பெனராங்கான், அதாவது தகவல் இலாகா, வேன் வந்தால் கொசு ஒழிப்புப் படமும் பிரதமர் பேச்சும் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு. இதற்குத்தான் கூட்டம்.

‘காதலிக்க நேரமில்லை’ எங்கள் திடலுக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அம்மாவின் மடியில் தூங்கிப்போனேன். ஆகவே அந்த இரவைப் பற்றி நான் எழுதுவது அம்மா சொன்னது.

படத்தில் பாலையா ஒரு எஸ்டேட் முதலாளி. ரவிச்சந்திரன், அதாவது அசோக், அவரிடம் வேலை பார்க்கும் இளைஞன். பட்டணத்தில் படித்துத் திரும்பும் முதலாளி மகளோடு அவனுக்குத் தகராறு வருகிறது. மகள் சொன்னாள் என்பதற்காக வேலை போகிறது. அவன் ஊரைவிட்டுப் போவதில்லை. முதலாளியின் பங்களா வாசலிலேயே ஒரு கூடாரம் போட்டு உட்கார்ந்து, போன வேலையைத் திருப்பிக் கேட்கிறான். பாட்டுப் பாடிக் கேட்கிறான், ஆடிக் கேட்கிறான். சென்னையில் இதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு குதூகலமான காட்சி. எங்கள் திடலில் அந்த இடத்தில் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் எல்லோரும் பேச்சற்றுப் போனார்கள் என்று அம்மா சொல்வார்.

ஏன் என்பதை இன்றைய வாசகருக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. வெட்டுக்காட்டில் ஒரு வார்த்தை கூடிப் போனது என்று ஒருவரை நிறுத்தினால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பானை சட்டியை மூட்டை கட்டிக்கொண்டு, ஆடு கோழியை அக்கம்பக்கத்தில் விற்றுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு, அடுத்த தோட்டத்தில் தெரிந்த கங்காணி யாராவது இருக்கிறாரா என்று தேடிப் போக வேண்டும். அப்படிப் போன குடும்பங்களை அந்தத் திடலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிலர் அப்படி வந்து சேர்ந்தவர்களே. துரை பங்களா இருக்கும் மேட்டுக்கு அருகில் சைக்கிளில் போனால்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போன காலத்தை மறக்காத கிழவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் ஒரு பையன், வேலை போன அன்றே, பங்களா வாசலில் கூடாரம் அடிக்கிறான்.

கூட்டத்தில் 1947ஐ நினைத்துக்கொண்டவர்களும் இருந்திருக்க வேண்டும். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மறித்தது அந்த ஆண்டுதான். பீடோங்கிலிருந்து மெர்போக் எத்தனை தூரம்? சைக்கிள் மிதித்துப் போய்வரும் தூரம். போலீஸ் வந்தது, அடி விழுந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். அதிலிருந்து பதினேழு ஆண்டுகளே கடந்திருந்தன. மறியல் செய்தால் என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். திரையிலே மறியல் செய்தவனுக்கோ முதலாளி மகள் கிடைத்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு பயமும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். சிறு துண்டு வாங்கியவருக்கு லயம் தேவையில்லை, லயத்தில் இருந்தவர்களும் தேவையில்லை. துண்டாடல் என்ற சொல்லைச் சிறுபிள்ளைகள்கூட அறிந்திருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பதை இந்த மாநிலத்துத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாளை நம் தோட்டத்தையும் கூறு போடுவார்களோ என்று படுக்கப் போகிற ஜனங்கள் முன்னால்தான் அசோக் வேலை கேட்டு ஆடினான்.

“அவன் நம்ம ஊருப் பையன்டா. மலாயாக்காரன். அதான் அவனுக்கு அந்தத் தைரியம்” என்பார் அம்மா. ஸ்ரீதரும் கோபுவும் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் நடித்தார் என்று நான் வாதாடியதுண்டு. அம்மா ஒப்புக்கொண்டதில்லை. எழுதியவர்களுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

அந்தப் படம் வெள்ளிவிழாக் கண்டது. தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது. இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்ற பெயரில் சசி கபூரும் கிஷோர் குமாரும் நடித்தார்கள். ரவிச்சந்திரன் ஒரே படத்தில் நட்சத்திரம் ஆனார். அடுத்த நாலைந்து ஆண்டுகள் அவருடையவை. 1965இல் ‘இதயக் கமலம்’. அது கே. ஆர். விஜயாவின் இரட்டை வேடத்துக்காகவும் கே. வி. மகாதேவனின் பாடல்களுக்காகவும் நிற்கும் படம் என்பது என் கருத்து. அதில் ரவிச்சந்திரனின் சோகம் சற்று மேலோட்டமானது. 1966இல் ‘குமரிப் பெண்’, 1967இல் ‘நான்’, 1968இல் ‘மூன்றெழுத்து’ ஆகிய மூன்றும் டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில், ஜெயலலிதாவோடு. சாகசம், துரத்தல், மாறுவேடம், ஆட்டம் ஆகியவற்றில்தான் அவர் தன் இயல்பில் இருந்தார். கால்சட்டையும் சட்டையும் அவர் உடம்பில் உறுத்தாமல் உட்கார்ந்தன. எம்.ஜி.ஆர், சிவாஜி, ஜெமினி என்ற மூவரும் வேட்டியில் தொடங்கிக் கால்சட்டைக்கு வந்த தலைமுறை. ரவிச்சந்திரன் கால்சட்டையிலேயே வளர்ந்தவர் போல நடந்தார். கோலாலம்பூர் தெருக்களில் நடந்து பழகிய நடை அது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

1967இல் ஏவிஎம்மின் ‘அதே கண்கள்’ வந்தது. ஏ. சி. திருலோகசந்தர் எடுத்த அந்த மர்மப் படத்தில் காஞ்சனா மறுபடி அவரோடு நடித்தார். முகமூடிக்குள்ளிருந்து தெரியும் இரண்டு கண்களை வைத்துக்கொண்டு ஊரையே நடுங்க வைத்தார்கள். எங்கள் லயத்தில் கக்கூஸ் வரிசை ஐம்பதடி தள்ளி இருந்தது. அந்தப் படம் திடலுக்கு வந்துபோன பிறகு பல வாரங்கள் இருட்டினால் யாரும் தனியாகப் போகவில்லை. லாம்பைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போவதும், நடுவழியில் எவனாவது “கண்ணு, கண்ணு” என்று கத்த எல்லோரும் திரும்பி ஓடுவதுமாக இருந்தோம். என் நினைவில் சொந்தமாகப் பதிந்த முதல் ரவிச்சந்திரன் படம் அதுதான்.

பிறகு 1969 வந்தது. முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை செய்யலாம் என்றானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள், ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுக்கத் தெரியாததால் அந்நியர் ஆனார்கள். பல்லாயிரம் பேர் பினாங்கில் கப்பல் ஏறினார்கள். 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘ரஜூலா’ தன் கடைசி ஆண்டுகளில் சுமந்து சென்றது அவர்களைத்தான். எங்கள் லயத்தின் கோடி வீட்டுப் பெரியவரும் மனைவியும் அப்படிப் போனவர்கள். புறப்படும் நாளில் பிள்ளைகள் நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, அங்கே போனால் ரவிச்சந்திரனைப் பார்ப்பீர்களா தாத்தா என்று கேட்டோம். பார்த்தால் நாம் எல்லாரும் விசாரித்ததாகச் சொல்கிறேன் ஐயா என்றார். அவருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்தது. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

எழுபதுகளில் தொலைக்காட்சி தோட்டத்துக்குள் வந்தது. இந்த நாட்டில் ஒளிபரப்புத் தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். லயத்துக்கு அது வந்து சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதலில் கிராணி வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தோம். பிறகு தோட்டத்து மண்டபத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள், பூட்டுப் போட்ட மரக்கூட்டுக்குள். சாவி மண்டோரிடம். ஜெனரேட்டரை நிறுத்தும் நேரம் வந்தால் படம் பாதியில் இருந்தாலும் இருட்டுதான். அந்தப் பெட்டியில்தான் நான் முதன்முதலாகக் கண் விழித்து ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தேன். வெள்ளை கருப்பில்.

அம்மா என் அருகில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது கலர்ப் படம்டா” என்றார்.

நான் சிரித்தேன். கண் முன்னால் வெள்ளையும் கருப்புமாக ஓடுகிறது. அம்மா வேறு ஏதோ படத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். முதலாளி மகளாக வந்த ராஜஸ்ரீ உடுத்தியிருந்த சேலைகளின் நிறத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நம்பவில்லை. என் கூட்டாளிகளிடம் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். அம்மா அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு சமூகக் கதையை முழுக்க வண்ணத்தில் எடுப்பது 1964இல் தமிழில் அரிய காரியம் என்பதும், ஈஸ்ட்மென் கலரில் ஆழியாறு அணைப் பக்கத்துப் பச்சையை வின்சென்ட் பிடித்ததுதான் அந்தப் படத்தின் பாதிப் புகழ் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1978 கடைசியில். எங்கள் வீட்டுக்கு வண்ணப் பெட்டி வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் படம் மறுபடி ஒளிபரப்பான இரவில், முதல் காட்சி வந்ததும் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாலையாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்க நினைத்த மன்னிப்பைக் கேட்கவே இல்லை. இந்தத் தொடரை எழுதத் தூண்டியது எது என்று வாசகர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். இதுதான். அவர்கள் வண்ணத்தில் பார்த்ததை நாம் வெள்ளை கருப்பில் பார்த்துவிட்டு, அவர்களுக்கு நினைவு தப்பிவிட்டது என்கிறோம்.

எழுபதுகள் ரவிச்சந்திரனுக்குக் கனிவாக இல்லை. கே. பாலசந்தரின் ‘காவியத் தலைவி’ போன்ற படங்களில் துணைப் பாத்திரமாக வந்தார். ஜெய்சங்கர் வேகமாக முன்னேறினார், முத்துராமன் நிதானமாக நிலைத்தார், புதிய முகங்கள் வந்தன. மெல்ல மெல்லத் திரையில் அவரைக் காண்பது அரிதாயிற்று. எங்கள் திடலிலும் படம் காட்டுவது நின்றுபோனது. வீடியோ வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறத் தொடங்கியிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

1986 ஆகஸ்டில் ‘ஊமை விழிகள்’ வெளிவந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். விஜயகாந்த் போலீஸ் அதிகாரி. பெண்களைக் கொன்று புதைக்கும் செல்வாக்கான மனிதர் பி.ஆர்.கே. வேடத்தில் ரவிச்சந்திரன். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் போட்டேன். உடம்பு பெருத்து, கண்ணுக்குக் கீழே தசை தொங்கி, ஒரு சொல் அதிகம் பேசாமல் அவர் நடந்து வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர் நடித்த வேடங்களிலேயே ஆழமானது அதுதான் என்று இன்றும் நான் நினைக்கிறேன். இளமையில் அவரிடம் இருந்த வேகம் முழுவதும் உள்ளே இறங்கி, அசையாமல் நின்று மிரட்டும் பலமாக மாறியிருந்தது. அதற்குப் பிறகு ‘குரு சிஷ்யன்’ உள்பட எத்தனையோ படங்களில் வில்லனாகவும் அப்பாவாகவும் வந்தார்.

அம்மா பாதிப் படத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். “அவன இப்படி ஆக்கிட்டாங்களே” என்று அங்கிருந்தபடி சொன்னார். அது வேஷம்மா, நல்லாத்தான் நடிச்சிருக்காரு என்றேன். “பெரிய பங்களாவுல இவன உக்கார வெச்சுட்டாங்க. வாசல்ல கூடாரம் போட்டவன்டா இவன்.”

அதைக் கேட்ட பிறகு அந்தப் படத்தை நான் வேறு விதமாகப் பார்க்கவே முடிந்ததில்லை.

ரவிச்சந்திரனின் மகன் அம்சவர்தன் கதாநாயகனாகச் சில படங்கள் நடித்தார். பேத்தி தான்யா இப்போது நடித்துக்கொண்டிருக்கிறார். இங்கே 1996இல் ஆஸ்ட்ரோ வந்து, வானவில் அலைவரிசை வந்து, உள்ளூர்த் தமிழ் நாடகங்களில் உள்ளூர் முகங்களைப் பார்க்கத் தொடங்கினோம். கடல் தாண்டாமலே நடிகராகலாம் என்ற நிலை அதன் பிறகுதான் மெல்ல உருவானது. அந்தக் கதை பெரியது, இந்தத் தொடரில் பின்னால் வரும்.

2011 ஜூலை 25ஆம் தேதி ரவிச்சந்திரன் சென்னையில் காலமானார். வானொலிச் செய்தியில் கேட்டேன். அம்மாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. கண் மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்கும். மெர்போக் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“எங்கடா எடுத்தாங்க?”

“மெட்ராஸ்லதாம்மா.”

“இங்க அவனுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருப்பாங்கள்ல? அவங்களுக்குச் சொல்லி விட்டாங்களா?”

(தொடரும்)